மாண்டோர் இட்ட பாதையில் மக்கள் ஏறலாமா?

தீய நோக்கத்தோடு, தீய வழியில் முடிக்கப்பட்ட ஒரு காரியம் பிற்காலத்தில் நற்பயன் தருமாயின், மனச்சான்றுள்ள மனிதன் அப்பயனை ஏற்றுக்கொள்ளலாமா? ஏற்றுக்கொண்டால் முன்னைய தீமைக்கு அவனும் உடந்தையாவானா? அறிஞர் மட்டும் ஆராய்தற்குரிய கேள்வி என்று இதனை ஒதுக்கிவிடுதல் கூடாது. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழராகிய நமக்கு இது வீட்டுக் கேள்வியாகும்.

சயாம் மரண இரயிலைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டம் நம் நாட்டில் இல்லை. 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் கூடும்வரை, 415 கிலோமீட்டர் தூரம் காட்டையும் மலையையும் வெட்டி ஜப்பானியப் படை அப்பாதையை அமைப்பித்தது. போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் அளவினர் என்றும், அவருள் 90,000 பேர்வரை மாண்டனர் என்றும் மதிப்பிடுவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருள் பல்லாயிரவர். திட்டமான தொகை இன்றுவரை கிடைக்கவில்லை. அன்று எண்ணுவார் இல்லாமையே அதற்குக் காரணம்.

ஆளோடு இரும்பும் இங்கிருந்தே சென்றது. ஜொகூர் எல்லையை அடுத்த கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 1931இல் முடிவுற்ற கிழக்குக் கரைப் பாதையில் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டு, தண்டவாளங்கள் சயாமுக்கு அனுப்பப்பட்டன. போருக்குப் பின் 1950களின் முற்பகுதியில் அப்பாதை செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதில் ஏறலாமா என்று எவரும் ஐயுறவில்லை. பறிபோன பொருள் உரியவரிடம் மீண்டது, அவ்வளவே.

வடக்கே உள்ள பாதையின் நிலை வேறு. போர் முடிந்ததும் பர்மா எல்லையை ஒட்டிய பகுதி பெயர்க்கப்பட்டது. எஞ்சியதை விலைக்கு வாங்கிய சயாம் அரசாங்கம், 1949இல் காஞ்சனபுரி வரையும், 1952இல் வாங் போ வரையும், 1958இல் நாம் தோக் வரையும் பிரயாணிகளுக்குத் திறந்துவிட்டது. இன்றும் நாள்தோறும் மூன்றாம் வகுப்பு வண்டிகள் அங்கு ஓடுகின்றன. உழவரும், பள்ளிச் சிறுவரும், சந்தைக்குச் செல்லும் பெண்டிரும் ஏறுகின்றனர். ஆற்றோரப் பாறையை ஒட்டி நிற்கும் மரப்பாலத்தை வண்டி ஊர்ந்து கடக்கும்போது, உல்லாசப் பிரயாணிகள் படம் பிடித்து மகிழ்கின்றனர்.

இது தகுமா? தகாது என்பார் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. பிணங்களின்மேல் ஓடும் வண்டியில் இன்பப் பிரயாணம் செய்தல் மனிதத்தன்மைக்கு இழுக்கு. அப்பாதையைக் காட்டுக்கே விட்டிருத்தல் வேண்டும் என்பர் அவர். வேறு சிலர் அங்கு ஆவிகள் உலவுவதாகக் கூறிப் பரிகாரம் தேடுவர். ஆவிக் கதையை நாம் பொருட்படுத்துவதில்லை. இறந்தவர் எவரையும் அச்சுறுத்த வரமாட்டார். தமக்குரியதைக் கேட்கவும் வரமாட்டார். அவர்பொருட்டுக் கேட்கும் கடமை உயிரோடிருப்பவரைச் சார்ந்தது என்பதே நாம் அறிய வேண்டுவது.

முதல் கூற்றுக்கு நம் விடை இது. பாதையை மூடியிருந்தால் தண்டனை அடைந்திருப்பவர் யார்? கொடுமை செய்த படைத்தலைவரல்லர். அக்கொடுமையில் பங்கில்லாத சயாம் நாட்டுக் குடியானவரே. நோயுற்ற குழந்தையை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் தாய்க்கு வண்டி இல்லையென்று மறுப்பது, மாண்டவருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? தம் குழந்தைக்கு மருந்தின்றித் தவித்த தொழிலாளர் அதனை விரும்பியிருப்பாரா? ஆகவே வண்டி ஓடுதல் தகும். அதில் ஏறுதலும் தகும்.

ஆனால் பயன் வேறு, கடன் வேறு. வரவுப் பக்கத்தில் புதிதாக ஒரு தொகை ஏறியதால் பழைய கடன் தீர்ந்துவிட்டதாக எந்தக் கணக்கனும் எழுதமாட்டான். "இப்போது எல்லாருக்கும் பயன்படுகிறதே, பழையதை ஏன் கிளறுகிறீர்?" என்பார் செய்யும் பிழை இதுவே.

கடன் யாதெனில், பெயர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர் அடக்கமாகியுள்ளனர். மிகப் பெரும்பாலோர்க்குத் தனிக்கல்லும் அதில் பெயரும் உண்டு. தமிழத் தொழிலாளருக்கு அவ்வகைக் கல்லறை இல்லை. அவர் பெயரற்றவராகப் பிறந்தவரா? ஒவ்வொருவர் பெயரும் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. அரைநாள் வேலைக்கு வராவிடினும் அப்பெயருக்கு எதிரே குறியிட்டுக் கூலியைக் குறைத்தார்கள். கூலி கணக்கிடுகையில் இருந்த பெயர், சாவைக் கணக்கிடுகையில் இல்லாமற் போயிற்று. சயாமுக்கு ஆள் திரட்டியபோது பட்டியல் எழுதிய கைகளுள் நம்மவர் கைகளும் இருந்தன. அச்சத்தால் எழுதினார், பிழைப்புக்காக எழுதினார் என்று கூறலாம். காரணம் எதுவாயினும், எழுதுகோல் பிடிக்கும் வகுப்பினருக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கிராணி வேலையில் இருக்கும் நாம் இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

2023இல் காஞ்சனபுரியில் உள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது. போற்றத்தக்க செயல். எனினும் கல் ஒன்று, மாண்டவரோ பல்லாயிரவர். சென்று மீண்டவருள் இன்று உயிரோடிருப்பவர் மிகச் சிலரே. அவருடைய மக்களும் பேரரும் சிகாமட்டிலும், குளுவாங்கிலும், கோத்தா திங்கியிலும், தோட்டங்களை விட்டு வந்த அடுக்கு வீடுகளிலும் வாழ்கின்றனர். பாட்டன் பெயர், தோட்டத்தின் பெயர், புறப்பட்ட ஆண்டு, உடன் சென்றவர் யார், திரும்பியவர் யார் என ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதி வைக்கப் பெரும் புலமை வேண்டுவதில்லை. திதி கொடுக்கும் செலவில் ஒரு சிறு பகுதியும் இதற்கு ஆகாது.

அப்பாதையில் பிரயாணம் செய்ய நேருமாயின், தயங்காது ஏறுங்கள். பயணச்சீட்டின் விலை சிறிதே. அதனோடு, நீங்கள் அறிந்த ஒருவர் பெயரையேனும் கொண்டுசென்று, உடன் வரும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொல்வதற்குப் பெயர் ஒன்றும் இல்லையெனில், புறப்படுமுன் வீட்டில் உள்ள மூத்தவரைக் கேளுங்கள்.