ஒருவரை ‘யூ’ என்பது பொய்யா?

பழைய ஆங்கிலத்தில் ஒருவரிடம் பேச ‘தௌ’, பலரிடம் பேச ‘யூ’. பிறகு பெரிய மனிதர் என்றால் ஒருவரையும் ‘யூ’ என்பது மரியாதையாயிற்று. வேலைக்காரனும் சொந்தப் பிள்ளையும் ‘தௌ’வோடு நின்றார்கள். நம் நீ, நீங்கள் போலத்தான். 1650-களில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற மதபோதகரைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். ஒருவரைப் பலராக்கிப் பேசுவது பொய், பொய் பாவம் என்பது அவர்கள் வாதம். 1660-இல் ஃபாக்ஸும் ஜான் ஸ்டப்ஸும் பெஞ்சமின் ஃபர்லியும் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளிலிருந்து ஒருமை பன்மைக்குச் சான்று திரட்டிப் புத்தகமே போட்டார்கள். அதன் பல பக்கங்களில், குழந்தைகள் எழுத்துப் படிக்கும் கைப்பிடி வைத்த பலகையின் வடிவம் வரையப்பட்டிருக்கும். கற்றறிந்தவர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கட்டும் என்ற கண்டிப்பு அதில் தெரிகிறது.

இலக்கணமாக இந்த வாதம் நிற்காது. சொல்லுக்குப் பொருள் தருவது வழக்கு. ‘யூ’ என்று அழைக்கப்பட்ட பிரபு தன்னை நாலு பேராக எண்ணிக்கொள்ளவில்லை. யாரும் ஏமாறாத இடத்தில் பொய் ஏது? குவேக்கர்களின் பேச்சிலேயே பின்னாளில் இலக்கணம் மாறியது. எழுவாயில் ‘தௌ’ வரவேண்டிய இடத்தில், செயப்படுபொருளுக்கு உரிய ‘தீ’யை வைத்து ‘தீ இஸ்’ என்று பேசினார்கள். அப்படியும் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். குற்றம் எண்ணிக்கையில் இல்லை. ஒரே வாய், ஆளைப் பார்த்துச் சொல்லை மாற்றியதில் இருந்தது. ஜெபத்தில் கடவுளை ‘தௌ’ என்ற அதே மனிதர், தன்னை அப்படி அழைத்தால் கொதித்தார். தாமஸ் எல்வுட் என்ற குவேக்கர் இளைஞர் தந்தையை ‘தௌ’ என்றதற்கு முஷ்டியால் அடி வாங்கியதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெறும் வழக்குதான் என்றால் அதற்கு அடி விழாது. 1669-இல் வில்லியம் பென் என்ற குவேக்கர் இந்த மரியாதைச் சொற்களை அகந்தையின் கணக்கில் சேர்த்தது அதனால்தான்.

எல்லோரையும் ‘யூ’ என்று உயர்த்தியிருக்கலாமே என்று கேட்கலாம். வலுவான கேள்வி, ஆங்கிலம் கடைசியில் போன வழியும் அதுதான். ஆனால் வேலைக்காரனை ‘யூ’ என்றால் பிரபுவுக்கு எதுவும் குறையாது. அவர் பெறும் வணக்கம் அப்படியே இருக்கும். அந்த வணக்கம் மனிதனுக்கு உரியதா என்பதே குவேக்கர்கள் கேட்டது, அதைப் பிரபுவின் முகத்துக்கு நேரே கேட்க ‘தௌ’ ஒன்றுதான் இருந்தது. ‘யூ’ எல்லோருக்கும் பொதுவான பிறகு நிலைமை மாறிவிட்டது. பழைய சொல் யாருடைய அகந்தையையும் தொடவில்லை. வீட்டிலும் சபையிலும் மட்டும் புழங்கி, நம்மவர் யார் என்று காட்டும் அடையாளமாகச் சுருங்கியது. ஆளுக்கு ஆள் சொல்லை மாற்றக் கூடாது என்று தொடங்கியவர்கள், தம்மவருக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த தலைமுறைகள் அதைக் கைவிட்டது முன்னோருக்குச் செய்த துரோகம் என்று சிலர் வருந்தலாம். எனக்கு அது ஃபாக்ஸின் காரணத்துக்கே விசுவாசமாக நடந்ததாகப் படுகிறது. இன்னும் முன்பே விட்டிருக்கலாம்.