இழுத்தாலும் மாறாதது எது?

உலாவியில் ஓடும் சிறு விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. திரையில் ஒரு பொம்மை நிற்கும். அதன் கையையோ கன்னத்தையோ பிடித்து இழுத்தால் ரப்பர் போல நீளும். விட்டால் துள்ளியபடி பழைய உருவத்துக்கு வந்து சேரும். 1996இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ 64’ இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. அதன் தொடக்கத் திரையில் மாரியோவின் மூக்கையும் காதையும் இழுத்துப் பார்க்கலாம். ஆர் பொத்தானை அழுத்திக்கொண்டே விட்டால் முகம் கோணியபடியே நின்றுவிடும். வெறும் பொழுதுபோக்குதான். ஆனாலும் அளவும் வடிவும் மாறும்போது ‘அதே பொருள்’ என்று எதைச் சொல்வது என்ற பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது.

பொம்மை என்று கண்ணுக்குத் தெரிவது புள்ளிகளின் கூட்டம். அடுத்தடுத்த புள்ளிகளைக் கற்பனையான சுருள்வில்கள் இணைக்கின்றன. ஒவ்வொரு வில்லுக்கும் இயல்பு நீளம் என ஓர் எண் தரப்பட்டிருக்கும். அதைத் தாண்டி எவ்வளவு நீள்கிறதோ அதற்கு நேர்விகிதத்தில் மீள்விசை எழும். இது ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கிய விதி. கூடவே சிறிது தடைவிசையும் வேண்டும், இல்லாவிட்டால் பொம்மை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கணினி இக்கணக்கைப் பொதுவாக நொடிக்கு 60 முறை போடுகிறது.

ஆக, இழுபடும்போது மாறுவது புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு மட்டுமே. புள்ளிகளின் எண்ணிக்கையும் இயல்பு நீளங்களும் அப்படியே இருக்கின்றன. பொம்மையின் உருவம் எங்கே காக்கப்படுகிறது என்று தேடினால், நீளவே நீளாத சில எண்களில்தான் அது அகப்படும்.

உயிரைப் பற்றி ஏறத்தாழ இப்படி ஒரு கொள்கையைச் சமணர்கள் வகுத்திருந்தனர். உயிர் அணுவளவினது என்று சில வேதாந்திகளும், எங்கும் நிறைந்தது என்று நையாயிகர்களும் கொள்ள, சமணம் அது உடலளவினது என்றது. எறும்பின் உடலில் எறும்பளவு, யானையின் உடலில் யானையளவு. உயிருக்குப் ‘பிரதேசங்கள்’ எனப்படும் எண்ணிலடங்காத நுண்கூறுகள் உண்டு. பிறவிதோறும் அவை விரியும், ஒடுங்கும். ஒன்றுகூடக் கூடுவதோ குறைவதோ இல்லை. சமணத்தின் இரு பெரும் பிரிவுகளும் ஏற்கும் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஐந்தாம் அத்தியாயத்தில் இதற்கு விளக்கொளியை உவமையாக்குகிறது. குடத்துக்குள் வைத்தால் குடமளவும் அறையில் வைத்தால் அறையளவும் பரவுவது ஒரே ஒளிதான் என்பது அதன் கருத்து.

இதைக் கூர்மையாக மறுத்தவர் சங்கரர். பிரம்ம சூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் அவர் எழுப்பும் தடைகள் இன்றும் எடை குறையாதவை. மனித அளவுள்ள உயிர் யானையாகப் பிறந்தால் உடல் முழுவதையும் நிரப்பாது. எறும்பாகப் பிறந்தால் அதற்குள் அடங்காது. கூறுகள் வந்து சேர்ந்தும் விலகியும் ஈடுகட்டும் என்றால், உயிர் உடலைப் போலவே மாறி அழியும் பொருளாகிவிடும். இதற்குச் சமணரிடம் விடை உண்டு: மாறுவது பரியாயம் எனப்படும் நிலை, மாறாதது திரவியம் எனப்படும் பொருள். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாமல் தொலைவு மட்டும் மாறும் பொம்மை இந்த விடைக்குத் துணை நிற்கிறது.

பௌத்தர் இந்த வழக்குக்குள் வரவே மாட்டார். கணத்துக்குக் கணம் புதிய அமைப்பு தோன்றுகிறது, முந்தையது பிந்தையதற்குக் காரணம், அவ்வளவே என்பார். திரையில் சட்டத்துக்குச் சட்டம் படம் புதிதாக வரையப்படுவதைப் பார்த்தால் அவர் பக்கமும் வலுவுள்ளதுதான்.

சமணக் கொள்கையை உண்மையில் நெருக்குவது சங்கரரின் மூன்றாவது தடை. முக்தி பெற்ற உயிரின் அளவு இனி மாறாது, அது கடைசி உடலைவிடச் சற்றே குறைந்த அளவில் நிலைத்துவிடும் என்பது சமணர் கொள்கை. முடிவில் நிலையான அளவு உண்டென்றால் முதலிலும் இடையிலும் ஏன் இல்லை என்று அவர் கேட்கிறார். மீள்வதற்கு ஓர் இயல்பு நீளம் வேண்டுமே, உயிருக்கு அது எது என்று இக்கேள்வியைத் திருப்பியும் போடலாம்.

கேவலி சமுத்காதம் என்ற கருத்து இங்கே உதவுகிறது. முற்றறிவு பெற்ற கேவலி ஒருவரின் எஞ்சிய வினைகள் ஆயுளைவிட நீண்டிருந்தால், அவரது உயிர் உலகம் முழுவதும் விரிந்து மறுபடி உடலளவுக்கு ஒடுங்கும். நான்கு சமயம் விரிவு, நான்கு சமயம் ஒடுக்கம். சமயம் என்பது சமணக் கணக்கில் காலத்தின் மிகச் சிறிய அலகு. விரிந்த உயிர் ஏன் திரும்புகிறது? அதற்கென்று ஒரு சொந்த அளவு இருப்பதால் அன்று. ஆயுள் வினை இன்னும் தீராததால். மீளும் நீளத்தை வினையே தருகிறது, பொம்மைக்கு நிரல் தருவதுபோல. வினை தீர்ந்தபின் விரிக்கவோ ஒடுக்கவோ எதுவும் இல்லாததால் உயிர் கடைசியாக இருந்த அளவிலேயே நிற்கிறது. அப்படியானால் முக்தியின் அளவு உயிரின் இயல்பு அன்று, விட்டுப்போன தடம் மட்டுமே. இவ்விளக்கம் சங்கரரின் கேள்வியைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு: எல்லா வினையும் கழிந்த உயிரிலும் வினை வகுத்த ஓர் உருவம் என்றைக்கும் தங்கிவிடுகிறது என்று சமணர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.