பதிவேட்டில் ஏறாத காயம்

போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், தமது பணிப்பதிவேட்டில் பிழை உள்ளது என்றும், அதைத் திருத்தித் தமக்கு உரிய பதக்கத்தை அதில் சேர்க்கவேண்டும் என்றும் விண்ணப்பிக்கும்போது, அவர் வேண்டுவது உண்மையில் எது என்பது மெய்யியல் நோக்கில் எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று. குண்டு பாய்ந்தது என்றோ பாய்ந்தாயிற்று. விழுந்த தோழனைத் தூக்கிவந்ததும் முடிந்தாயிற்று. காகிதத்தில் ஒரு வரி கூடுவதாலோ குறைவதாலோ அந்தச் செயல் பெரிதாவதும் இல்லை, சிறிதாவதும் இல்லை. அவ்வாறிருந்தும் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் அந்த ஒரு வரிக்காக மனிதர்கள் மனுமேல் மனு எழுதுகிறார்கள், அவர்கள் மறைந்தபின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைத் தொடர்கிறார்கள் என்றால், பதிவேடு நடந்ததன் வெறும் நிழல் என்ற எண்ணத்தில் ஏதோ குறை இருக்கவேண்டும்.

இதை ஆராய ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறை ஏற்ற களமாகும். அங்கு 1946 வரை, தம் பதிவேட்டைத் திருத்த விரும்பிய வீரர் பெரும்பாலும் காங்கிரஸ் அவையில் தமக்கென்றே தனி மசோதா ஒன்றைக் கொண்டுவரச் செய்யவேண்டியிருந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம் அப்பொறுப்பைப் படைத்துறைகளுக்கே மாற்றியதன் விளைவாக, சீருடை அணியாத குடிமை அலுவலர்களைக் கொண்ட பதிவேட்டுத் திருத்த வாரியங்கள் தோன்றின. இவ்வாரியங்களுக்குச் சட்டம் தரும் அதிகாரம் இரண்டு காரணங்களைச் சார்ந்தது: பிழையைத் திருத்துவது ஒன்று, அநீதியை நீக்குவது மற்றொன்று. பிழை என்பது நடந்ததற்கும் எழுதப்பட்டதற்கும் இடையே உள்ள முரண். அநீதி என்பதோ, எழுதப்பட்டது நடந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாலும், அப்படி நடந்திருக்கவே கூடாது என்ற தீர்ப்பு. இவ்விரண்டையும் சட்டம் ஒரே தொடரில் அடக்கிவிட்டாலும், பின்னது எழுப்பும் சிக்கல் முன்னதைவிடப் பன்மடங்கு பெரியது.

முதலில் பிழையை நோக்கலாம். அமெரிக்க வீரர் பணியிலிருந்து விடுபடும்போது டி.டி. 214 எனப்படும் ஒரு படிவத்தைப் பெறுகிறார்; எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார், என்ன பதக்கங்கள் பெற்றார், எத்தகைய நன்மதிப்போடு விடுவிக்கப்பட்டார் என்பன அதன் சிறு கட்டங்களில் அடங்கிவிடுகின்றன. வேலை தேடும்போதும், வீட்டுக்கடன் கேட்கும்போதும், படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் இடம் கோரும்போதும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டவேண்டும். இனி, எதிரியின் தாக்குதலில் காயமுற்றவருக்கு உரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தின் விதிகளைக் கருதவேண்டும்: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்கவேண்டும், அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டிருக்கவேண்டும், அச்சிகிச்சை அதிகாரபூர்வப் பதிவிலும் ஏறியிருக்கவேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையின் கனத்தைக் கவனிக்காமல் கடந்துவிடலாகாது. இங்கே பதிவு தகுதிக்குச் சான்றாக மட்டும் நிற்கவில்லை. அதுவே தகுதியின் ஓர் உறுப்பாகிவிட்டது. குண்டுமழைக்கு நடுவே கட்டுப்போட்டுவிட்டு அடுத்தவனைப் பார்க்க ஓடிய மருத்துவ உதவியாளர் அன்றிரவு குறிப்பு எழுதவில்லை என்றால், வீரரின் தோளில் தழும்பு இருந்தும், விதியின் கண்ணில் அவர் பாதியளவே காயமுற்றவர்.

எழுதப்பட்டவையும் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன; 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அவற்றுள் அடங்கும். அவற்றுக்கு நகல்கள் இல்லை, நுண்படச் சுருள்களும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. நீரில் ஊறியும் ஓரம் கருகியும் மீட்கப்பட்ட தாள்களைக் கொண்டும், ஒவ்வொரு கம்பெனியிலும் அன்றன்று யார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார், யார் திரும்பினார் என்று குறித்துவைத்த காலை அறிக்கைகளைக் கொண்டும், ஊழியர்கள் இன்றளவும் ஒவ்வொருவரின் பணிவரலாற்றையும் மீட்டெடுத்து வருகிறார்கள். இவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. அறிதலுக்கும் இருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நூல்களில் படிப்பவர்களைவிட இவர்களே அண்மையில் நின்று காண்கிறார்கள்.

அநீதியை நீக்குவது என்ற இரண்டாவது அதிகாரம் ஒரு பழைய இறையியல் வினாவைத் தொடுகிறது. 11ஆம் நூற்றாண்டுத் துறவி பீட்டர் டேமியன், நடந்த ஒன்றை நடவாததாக்க இறைவனால் இயலுமா என்று கேட்டு, இறைவனின் வல்லமைக்கு எல்லை வகுக்க மனிதருக்கு உரிமை இல்லை என்ற பக்கமே சாய்ந்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ், நடந்தது நடக்கவில்லை என்பது தன்னிலேயே முரண்படுவதாகையால் அது வல்லமைக்கு உட்படும் பொருளே அன்று என்று மறுத்தார். இறைவனுக்கே இயலாது என்று ஒரு பெரும் இறையியலாளர் தீர்த்த செயலை, வாஷிங்டனை அடுத்து இயங்கும் ஒரு வாரியம் செய்வதுபோல் தோன்றும் தருணங்கள் உண்டு. அடிமையாகப் பிறந்து, 1877இல் வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பர், டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் டேவிஸ் முகாமில் பணியாற்றியபோது, பணம் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். படை நீதிமன்றம் கையாடல் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. அதிகாரிக்குத் தகாத நடத்தை என்ற குற்றத்தின்பேரில் மட்டும் தண்டித்தது. அவர் 1882 ஜூன் 30 அன்று நீக்கப்பட்டார். தம் பெயரை மீட்க வாழ்நாளெல்லாம் முயன்று, மசோதா எதுவும் நிறைவேறாமலே அவர் 1940இல் இறந்தார். 1976இல் தரைப்படை வாரியம், தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்யத் தனக்கு அதிகாரமில்லை என்று ஒப்புக்கொண்டே, தண்டனை அளவுமீறிய கடுமை உடையது என்று கண்டு, அவர் நன்மதிப்போடு விடுவிக்கப்பட்டதாகப் பதிவை மாற்றியது. புதிய பதிவு தாங்கிநின்ற நாளும் 1882 ஜூன் 30 தான்.

அந்த நாளில் அவர் நன்மதிப்போடு விடுவிக்கப்படவில்லை என்பது எவரும் மறுக்காத வரலாறு. ஆயினும் புதிய பதிவைப் பொய் என்று தள்ளுவது தவறாகும். ஃபிளிப்பரின் நீக்கம் மழை பெய்ததைப் போன்ற ஒரு நிகழ்ச்சி அன்று. அது ஒரு நிறுவனம் ஒரு மனிதனைப் பற்றி எடுத்து, தன் முத்திரையின்கீழ் இடையறாது பறைசாற்றிக்கொண்டிருந்த நிலைப்பாடு. நிகழ்ச்சி முடிந்துபோகிறது, நிலைப்பாடோ திரும்பப் பெறப்படும்வரை நீடிக்கிறது. எனவே வாரியம் தொட்டது கடந்த காலத்தை அன்று, கடந்த காலத்தைப் பற்றி அரசு நிகழ்காலத்தில் சொல்லிவந்த சொல்லை. டேமியனின் இறைவனுக்குக் கூடத் தேவைப்படாத ஓர் அதிகாரம் இது, ஏனெனில் தவறாகச் சான்று கூறியவர்களுக்கே அந்தச் சான்றைத் திரும்பப் பெறும் கடமை உண்டு. 1999இல் அதிபர் கிளின்டன் ஃபிளிப்பருக்கு வழங்கிய மன்னிப்பும் இந்த இடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. மன்னிப்பு, குற்றத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அதன் விளைவை மட்டும் கருணையால் அகற்றுகிறது. திருத்தமோ அரசே தன் தரப்பின் தவறை ஏற்பதாகும். முன்னது கொடை, பின்னது கடன்.

இதற்கு மறுதலையான வழக்கையும் எண்ணவேண்டும், ஏனெனில் பதிவேட்டை எழுதும் கை அதை அழிக்கவும் வல்லது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி, எதிர்ப்படையினரிடம் சிறைப்பட்ட மேரி எட்வர்ட்ஸ் வாக்கருக்கு 1865இல் மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்பட்டது. 1917இல் அப்பதக்கம் பெற்றவர்களின் பட்டியலைச் சலித்தபோது நீக்கப்பட்ட 911 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. அவர் பதக்கத்தைத் திருப்பித் தர மறுத்து, 1919இல் இறக்கும்வரை அதை அணிந்துவந்தார். 1977இல் அது மீண்டும் பதிவேறியது. கௌரவம் பெறுபவரைக் காட்டிலும் தருபவரையே சார்ந்திருப்பதால் அது வாழ்வின் உயர்நன்மையாக இயலாது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். அவர் கூற்று சரியென்றால் 1917க்கும் 1977க்கும் இடையே வாக்கர் கௌரவமற்றவர் ஆகிறார். ஆனால் தகுதி செயலில் வேர்கொண்டது, ஏற்பு மட்டுமே பிறர் கையில் உள்ளது. தகுதி இருக்கும் இடத்தில் ஏற்பை மறுப்பவர் எதையும் பறிப்பதில்லை, தம் சான்றைத்தான் பொய்யாக்கிக்கொள்கிறார். வாக்கர் பதக்கத்தைக் கழற்றாதிருந்ததை முதுமையின் பிடிவாதமாகக் கருதுவது அவருக்கு இழைக்கப்படும் இன்னொரு அநீதி.

இறந்தவருக்கு இதனால் என்ன பயன் என்ற ஐயம் எஞ்சுகிறது. 1917இல் ஹூஸ்டன் நகரில் நிகழ்ந்த கலவரத்துக்காக 24ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினத்தவர் 110 பேர் தண்டிக்கப்பட்டு, 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். முதல் 13 பேருக்கு மேல்முறையீட்டுக்கே இடம் தரப்படவில்லை. 2023 நவம்பரில் தரைப்படை, வாரியத்தின் பரிந்துரையை ஏற்று, விசாரணைகள் அடிப்படையிலேயே நியாயமற்றவை என்று கண்டு எல்லாத் தண்டனைகளையும் விலக்கி, அவர்களது பணி மதிப்புக்குரியது எனப் பதிவைத் திருத்த ஆணையிட்டது. மாண்டவர் இதை உணர்கிறாரா என்பதைச் சமயங்கள் பலவாறு விளக்கும். உணரவில்லை என்றே கொண்டாலும், ஒருவரைப் பற்றிப் பொய் பேசுவது அவர் காதில் விழுந்தால்தான் தீங்கு என்ற கருத்தை எந்த அறநூலும் ஏற்காது.

பொய்ப்பதிவு தொடரும் தீங்கு என்பது ஏற்கப்பட்டால், நடைமுறையின் இரு கூறுகள் கேள்விக்குள்ளாகின்றன. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்கிறது சட்டம். நீதியின் பொருட்டு வாரியம் அவ்வரம்பைத் தளர்த்தலாம் என்பதால் இது ஓரளவு தாங்கக்கூடியதே. மற்றது கடுமையானது: படையின் பதிவுகள் சரியானவை என்ற முன்னனுமானத்தோடு வாரியம் தொடங்குகிறது, அதை முறியடிக்கும் மேலோங்கிய சான்றைக் காட்டும் சுமை விண்ணப்பதாரர்மேல் விழுகிறது. ஊனத்துக்கு இழப்பீடு வழங்கும் முன்னாள் படைவீரர் நலத்துறையிலோ, இரு பக்கச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக நின்றால் ஐயத்தின் பயன் வீரரையே சேரும். அரசின் காவலில் இருந்தபோது எரிந்துபோன ஒரே கோப்பு, பணம் கேட்குமிடத்தில் வீரருக்குச் சாதகமாகவும் பெயரைக் கேட்குமிடத்தில் பாதகமாகவும் ஆவதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதும் இல்லை. நலத்துறைக்குப் பொருந்தும் அதே விதியைத் திருத்த வாரியங்களுக்கும் காங்கிரஸ் விரிவாக்கவேண்டும்.