பொம்மைக்குள் ஒரு தாள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில மாதங்கள். ஷாங்காயில் காவலில் இருந்த நடிகையும் பாடகியுமான லி ஷியாங்லானுக்கு, பெய்ஜிங்கில் இருந்த பெற்றோரிடமிருந்து ஒரு ஜப்பானியப் பொம்மை வந்து சேர்ந்தது. அதற்கு வழி செய்தவர் லியூபா, பள்ளி வயதுத் தோழி, ரஷ்யப் பெண். பொம்மைக்குள் ஒரு தாள் ஒளிந்திருந்தது: குடும்பப் பதிவேட்டின் நகல். அதில் அவர் பெயர் யமகுச்சி யோஷிகோ. ஜப்பானியர்.

வாரக்கணக்காக இந்தப் பொம்மை என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

1920இல் மஞ்சூரியாவில் பிறந்தவர். தந்தையின் சீன நண்பர் மகளாகப் பாவித்து வைத்த பெயர்தான் லி ஷியாங்லான். 1938 முதல் ஜப்பானியர் நடத்திய பட நிறுவனம் அந்தப் பெயரிலேயே அவரைச் சீனத்தியாகக் காட்டியது. 1940இல் ஒரு படத்தில், ஜப்பானியனிடம் அறை வாங்கி அவனையே காதலிக்கும் சீனப் பெண்ணாக வந்தார். சீனர்கள் கொதித்தார்கள். போர் முடிந்ததும் சீனாவில் அவர்மீது தேசத் துரோக வழக்கு. துரோகம் செய்ய முதலில் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டுமே! தாள் வந்தது, 1946 பிப்ரவரியில் விடுதலை. மூடி மறைத்ததே கழுத்தைக் காப்பாற்றியது.

என் அம்மாவுக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். நான் நாலாம் வகுப்பு படிக்கையில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவள், பள்ளி வாசலில் என்னைத் தெலுங்கில் கூப்பிட்டுவிட்டாள். "யார்ரா அது?" என்றான் பக்கத்திலிருந்தவன். "பக்கத்து வீட்டு அக்கா" என்றேன். தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று அதன் மூடி திறக்க வரவே இல்லை. இதை லி ஷியாங்லானின் கதையோடு ஒப்பிடுவது அபத்தம்தான். ஆனால் அந்தப் பொய் எப்படி அவ்வளவு தயாராக நாக்கில் இருந்தது?

மறுபடி பொம்மை. கவஷிமா யோஷிகோ என்று இன்னொருவர்மீதும் துரோக வழக்கு. மஞ்சு இளவரசி, ஜப்பானியர் வளர்த்த பெண், ஜப்பானுக்கு உளவு பார்த்தவர். ஜப்பானியக் குடிமகள் என்று காட்ட அவரிடம் அப்படியொரு தாள் இல்லை. 1948 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் யோஷிகோதான். செய்ததை எடைபோட்டார்களா, தாளைத்தானா?

யமகுச்சி பின்னாளில் ஜப்பானிய மேலவையில் 18 ஆண்டுகள் இருந்தார். பழைய படங்களுக்காக வருத்தம் தெரிவித்தார். 2014இல், 94 வயதில் இறந்தார். வருத்தம் படங்களுக்கா, பெயருக்கா? சீனம் அவர் வளர்ந்த மண்ணின் மொழி. அந்தப் பெயரோ அன்பாக வைத்தது. அதை முழுப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யில்லை என்றும் வரவில்லை.

அன்று நான் சொன்னது காதில் விழுந்ததா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். தெலுங்கில் கேட்பதா தமிழில் கேட்பதா என்பதிலேயே ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.