வந்து நிற்பவரின் தர்மம்

ஒரு விழாவுக்கு ஒரு பெரியவர் வருகிறார். வாரி வழங்க அவர் கையில் பொருள் இல்லை; பிறப்பிக்க உத்தரவு இல்லை; அவர் சொல்லிச் சாலை செப்பனிடப்படப் போவதுமில்லை, குழாயில் தண்ணீர் வரப் போவதுமில்லை. ஆயினும் அவர் வந்து, விளக்கேற்றி, நாலு பேரிடம் க்ஷேமம் விசாரித்துவிட்டுச் சென்ற பிறகு, கூடியிருந்தவர்களின் முகத்தில் ஒரு திருப்தி நிலவுகிறது. அதிகாரமற்ற ஒருவருடைய வருகையில் மனிதர்கள் காணும் அந்த நிறைவு எத்தகையது, அதற்குத் தகுதியாக வருகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி, களமசேரியில் வாழும் எனக்கு ஒவ்வோர் ஆவணியிலும் அத்த நட்சத்திரம் நெருங்கும்போது எழுவதுண்டு.

களமசேரி யந்திரங்களின் ஊர், எச்.எம்.டி. தொழிற்சாலையோடும் சர்வகலாசாலையோடும் வளர்ந்த ஊர். அதற்குத் தெற்கே, அதே எர்ணாகுளம் ஜில்லாவில், கொச்சி ராஜவம்சத்தினரின் வாசஸ்தலமாகிய திருப்பூணித்துறை இருக்கிறது. ஓணத்தின் பத்து நாட்களில் முதலாவதாகிய அத்தத்தன்று, கொச்சி மகாராஜா சர்வாலங்காரங்களுடன் பல்லக்கில் ஏறி, வாத்தியங்கள் முழங்கப் பிரஜைகள் காணும்படி அவ்வூரில் பவனி வருவது அக்கால வழக்கம். அத்தச்சமயம் என்று அந்த வைபவத்துக்குப் பெயர். சிரியன் கிறிஸ்தவர்களின் சார்பில் கரிங்காச்சிறைத் தேவாலயத்துக் கத்தனாரும், முஸ்லிம்களின் சார்பில் அவர்களுடைய மதத்தலைவராகிய நெட்டூர் தங்ஙளும், கடலையும் காயலையும் நம்பிப் பிழைக்கும் அரையர்களின் சார்பில் செம்பில் அரையனும் அதில் தத்தம் ஸ்தானத்தில் இருக்க வேண்டும் என்பது மரபு.

இந்த மரபை நினைக்குந்தோறும் என் மனம் நெகிழ்கிறது. பெரியவர்கள் சிறியவர்களைத் தேடி வந்து கௌரவம் அளிப்பதாகவே நாம் பொதுவாக எண்ணுகிறோம். இங்கேயோ, நாடாளும் அரசனுடைய வைபவமே ஒரு பாதிரியாரும், ஒரு தங்ஙளும், வலை வீசும் குலத்தின் தலைவன் ஒருவனும் வந்து சேர்ந்தால்தான் பூரணமாகும் என்று நம் முன்னோர் ஏற்பாடு செய்து வைத்தார்கள். கௌரவம் என்பது கொடுப்பவனிடமிருந்து வாங்குபவனுக்கு ஒரே திசையில் பாய்வதாக அவர்கள் கருதவில்லை. ஒருவரையொருவர் கண்டு, நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதிலேயே அது பிறக்கிறது என்று அறிந்திருந்தார்கள்.

1949ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தன; ராஜ்யாதிகாரம் போயிற்று, அதனோடு மகாராஜாவின் பவனியும் நின்றுபோயிற்று. அரசனே இல்லாத பிறகு அந்த விழாவுக்கு என்ன பொருள் என்று ஜனங்கள் விட்டிருக்கலாம். விடவில்லை. ஓணம் கேரளத்தின் மாநில விழாவாக ஏற்கப்பட்ட 1961ஆம் ஆண்டில் அத்தச்சமயம் மக்கள் விழாவாகப் புத்துயிர் பெற்றது. 1865இல் கட்டப்பட்ட ஹில் பாலஸ் அரண்மனையில், ராஜகுடும்பத்தின் பிரதிநிதி ஒருவர் விழாக்கொடியாகிய அத்தக்கொடியை நகரசபைத் தலைவரிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பிரதிநிதிக்கு ஆள நாடில்லை. அன்றைக்கு வந்து, கொடியைக் கையில் ஏந்தி, மக்கள் தேர்ந்தெடுத்தவரிடம் கொடுப்பது ஒன்றே அவருடைய காரியம். ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக ஊரே காத்திருக்கிறது.

அதிகாரம் உதிர்ந்து வருகை மட்டும் எஞ்சிய வரலாறு வேறு தேசங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில், கௌண்டிதோறும் படை திரட்டுவதற்கென்று லார்ட் லெப்டினன்ட் என்ற பதவி தோன்றிற்று. 1871இல் அந்தப் படைப்பொறுப்பு எடுக்கப்பட்டுவிட்டது. இன்று அப்பதவியில் இருப்பவர் ஊதியமின்றி, அரசரின் பிரதிநிதியாகத் தொண்டு நிலையங்களுக்கும் ஊர்க்கூட்டங்களுக்கும் சென்று, பாராட்ட வேண்டியவரைப் பாராட்டித் திரும்புகிறார். நம் சென்னையிலும் ஷெரீப் என்ற கௌரவ ஸ்தானம் 1998 வரையில் இருந்தது.

இவற்றையெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியைக் காட்டுவேன். கொச்சி அரசன் அளித்த நிலத்தில், தன் அரண்மனைக்கு அருகிலேயே, 1568இல் எழுந்தது பரதேசி யூத ஜெபாலயம். அதன் நானூறாவது ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடந்தபோது, கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தனர். ஜெபாலயம் இருந்த தெருவில் எஞ்சியிருந்தவை சில குடும்பங்களே. அந்த விழாவுக்குப் பிரதம மந்திரி இந்திரா காந்தி நேரில் வந்தார். வாக்குக் கணக்கில் அந்தச் சில குடும்பங்களுக்கு எடை ஏது? போகிறவர்களை நிறுத்தி வைக்கவும் அவரால் இயலாது. ஆனால் கோடானுகோடிப் பேரின் சார்பில் ஒருவர் அந்தக் குறுகிய தெருவுக்கு வந்து, நானூறு ஆண்டுகளாக நீங்கள் எங்களவர்களாகவே வாழ்ந்தீர்கள் என்பதைத் தம் வருகையாலேயே சொன்னாரே, அதைச் சட்டமோ மானியமோ சொல்லியிருக்க முடியுமா?

சிறு விழாக்களிலும் இதே தத்துவம் விளங்குகிறது. எங்கள் தெருவின் ஓணக் கூட்டத்துக்கு ஒருமுறை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விருந்தினராக வந்தார். மேடைக்கு அழைத்துப் போக நிர்வாகிகள் அவசரப்பட, அவர் வாசலில் போட்டிருந்த பூக்களத்தின் அருகே குனிந்து நின்றுவிட்டார். தோவாளையிலிருந்து வந்த வாடாமல்லியும் கேந்தியும் வட்டம் வட்டமாக நிறைந்திருக்க, வெளிவட்டத்தின் கூர்முனைகளை மட்டும் பச்சிலையை நறுக்கி அத்தனை நேர்த்தியாக யாரோ முடித்திருந்தார்கள். “இது யார் கைவேலை?” என்று கேட்டார். தெருவுக்குத் துணி தேய்த்துக் கொடுக்கும் தமிழ் அம்மாள் ஒருவர் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் அவரைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். நீதிபதி அவருடைய பெயரையும் ஊரையும் விசாரித்தார். நிலவிளக்கில் முதல் திரியைத் தாம் ஏற்றிவிட்டு, “அம்மா, அடுத்தது நீங்கள்” என்று கைவிளக்கை அவரிடம் நீட்டினார். அதுவரை இஸ்திரிக்காரி என்று மட்டுமே எங்கள் தெரு அறிந்திருந்த அந்த அம்மாளை, அன்று முதல் எல்லோரும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அந்த விருந்தினர் எங்களுக்குக் கொடுத்துப்போனது இதுவே. தெரு முழுவதும் பார்க்க வேண்டியதைத் தெருவின் சார்பில் அவர் முதலில் பார்த்தார்.

ஆகவே, பிரதிநிதியாக வருகிறவருக்கு ஒரு தர்மம் உண்டு. மாலை தம் கழுத்துக்கு விழுந்தாலும் அது தம்முடையதன்று என்ற உணர்வு அவருக்கு வேண்டும். குழந்தைகளை வெயிலில் காக்க வைத்துத் தாமதமாக வந்து, படம் பிடித்தவுடன் காரில் ஏறுகிறவர், தம்மை அனுப்பிய சமூகத்தையே அங்கே சிறுமைப்படுத்துகிறார். நேரத்துக்கு வருவது, குறைவாகப் பேசுவது, பின்வரிசையில் இருப்பவர் வரைக்கும் கண் செல்வது ஆகியவை மரியாதைச் சடங்குகளாகத் தோன்றலாம். கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லாதவர் கொடுக்கக்கூடிய தானம் அவைதாம்.

இந்தத் தர்மம் பதவியிலிருப்பவர்களோடு முடிவதில்லை. வீட்டிலிருந்து ஒருவராவது போய்த் தலைகாட்டிவிட்டு வர வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அப்படிப் போகிற ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின், ஒரு தெருவின், சில வேளை ஒரு மொழியின் பிரதிநிதியே. நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதற்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம்மவர் வகுத்த நியதி. பிறருடைய சந்தோஷத்தையும் துக்கத்தையும் நம்மால் மாற்ற இயலாது. மாற்ற இயலாது என்பதையே காரணமாக்கி வீட்டில் இருந்துவிடுவது, அவர்களைத் தனியே விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். போவோம், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், முழு மனத்தோடு போவோம்.