புகைக்குப் பரிகாரம்

மதுரைக்குத் தெற்கே மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. அந்த வெயிலோடு ஒரு வினையூக்கியைச் சேர்த்தால் கரியமில வாயுவை மெத்தனாலாக, ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடலாம் என்று கேட்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், எனக்குச் சந்தேகமே அந்த நிம்மதி மேல்தான். தோஷத்தையும் விடாமல் பரிகாரத்துக்கும் தேதி குறித்துவிட்டவனின் நிம்மதி அது.

ஆய்வு பொய்யில்லை. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடில் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1979இல் அதே வழியில் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து மெத்தனாலும் எடுத்தார்கள். ஆனால் இன்றுவரை அது பெரிய ஆலையாக வளரவில்லை. கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. சாம்பலை மறுபடி விறகாக்க, விறகு எரிந்தபோது தந்த ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கட்டணும். வட்டி தனி.

வெயில் இல்லாத வழி ஒன்று தூத்துக்குடியில் நடந்தது. 2016இல் அங்கே ஓர் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்தது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பதாகத் திட்டம். அரசு மானியமும் வாங்கவில்லை. கெட்டிக்கார வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியே வந்துவிடும். அதைவிட உறுத்துவது வேறொன்று. புகை கச்சாப்பொருள் ஆகிவிட்டால் புகைபோக்கியை மூட யாருக்கு மனசு வரும்?

அதே 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அந்த வெயில் நிலக்கரியை எரியவிடாமல் தடுக்கிறது. எரியவிட்டுவிட்டு, பிறகு அதே வெயிலைச் செலவழித்துப் புகையைத் துரத்துவது என்ன கணக்கு? 2070க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் என்று 2021இல் கிளாஸ்கோவில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். இன்னும் கைக்கு வராத கருவியை ஜாமீன் வைத்து இன்றைக்கு எரிக்கிறோம். அந்த ஜாமீனில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் 2070இல் இருக்க மாட்டார்கள். வாசிக்கிற நீங்கள் இருப்பீர்கள்.

அப்படியானால் வினையூக்கியே வேண்டாமா? விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரில் சிமென்ட் ஆலை இருக்கிறது. சிமென்ட் உலையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும், சுண்ணாம்புக்கல் வெந்தால் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வரும். வீடு கட்டுகிறவனிடம் சிமென்ட் வாங்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வாயுவுக்காகக் கமுதி வெயிலில் ஒரு பங்கு கேட்டால், தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.