கண் கலங்கிய படம்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம். கல்மேசையில் இரண்டு காப்பி, நடுவில் கைப்பேசி. திரையில், பேருந்து நிறுத்தத்தில் புதுச் சீருடையோடு தொடக்கநிலை ஒன்றுக்குக் கிளம்பிய பையன். முதுகைவிடப் பெரிய பை, மேலே கருத்த வானம், கண்ணில் ஈரம். அம்மா பெருமையாகப் போட்ட படம்.

சீடன்: ஐயா, இதற்குக் கீழே முப்பது பேர் எழுதிவிட்டார்கள். "நடுராத்திரியில் பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்களே" என்று புதுக்கோட்டையிலிருந்து ஒருவர். நானும் எழுதினேன்: "அவனுக்குப் போக இஷ்டமில்லை, கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது."

ஆசிரியர்: வானம் ஏன் கருப்பாக இருக்கிறது?

சீடன்: இங்கே காலை ஆறே முக்காலுக்கும் இருட்டுத்தானே.

ஆசிரியர்: ஆமாம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது, நாமும் தள்ளினோம். அன்றிலிருந்து நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. ஜனவரியில் விடியவே ஏழு தாண்டும். புதுக்கோட்டைக்காரர் தம் ஊர் வானத்தை இந்தப் படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவர் கண்ட இருட்டு பொய்யில்லை. அதிலிருந்து நடுராத்திரிக்குத் தாவியதுதான் பிசகு.

சீடன்: என் வரியும் அப்படித்தானா?

ஆசிரியர்: அதைவிட மோசம். அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியார் நூலின் சுபக்கத்தில் அளவையை முன்னால் வைக்கிறார். இறைவனைப் பேசுமுன், எதைக்கொண்டு அறிகிறோம் என்று தெளிய வேண்டும் அவருக்கு. காட்சி ஒன்று, கருதல் ஒன்று. புகையைக் கண்டு நெருப்பைக் கருதலாம், ஏனென்றால் நெருப்பில்லாமல் புகை இல்லை. ஈரக் கண்ணுக்கு அப்படி விட்டுப்பிரியாத துணை எது? கொட்டாவி விட்டாலும் ஈரம், தூசி விழுந்தாலும் ஈரம், அம்மா கையை விட்டாலும் ஈரம். படம் ஒரு நொடி. அதற்கு முந்திய நொடியும் பிந்திய நொடியும் உன் கையில் இல்லை.

சீடன்: அப்படியானால் படத்திலிருந்து எதையும் கருத முடியாதா?

ஆசிரியர்: நன்றாக முடியும். பின்னால் சுவரில் பெரிதாக மூன்று இலக்கம் தெரிகிறதா? இங்கே அஞ்சல் எண் 68இல் தொடங்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குக்குக் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணேதான். சட்டையில் பள்ளிச் சின்னம். பிள்ளை எங்கே குடியிருக்கிறான், எந்த நேரத்தில் எந்த நிறுத்தத்தில் நிற்பான் என்று முன்பின் தெரியாதவனும் சொல்லிவிடுவான். இந்தப் படம் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான், இதை ஊருக்குச் சொன்னால் ஆபத்து. அது சொல்லாதது அவன் மனசு. அதைத்தான் நீங்கள் அடித்துச் சொல்கிறீர்கள்.

சீடன் சற்று நேரம் பேசவில்லை.

ஆசிரியர்: 2014 மார்ச்சில் ஸ்டோம்ப் தளத்தில் வந்த படம் ஞாபகமிருக்கிறதா? எம்ஆர்டி ரயிலில் ஒரு தேசிய சேவையாளர் உட்கார்ந்திருக்கிறார், மூதாட்டி ஒருவர் நிற்கிறார். கண்டபடி திட்டித் தீர்த்தார்கள். படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது, வெட்டிய பக்கத்தில் காலி இருக்கை இருந்தது என்று பிறகு தெரிந்தது. தளம் மன்னிப்புக் கேட்டது. அதே மாதம்தான் தொல்லைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொல்லை தரும் எண்ணத்தோடு ஒருவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரியிலிருந்து அதன்படி குற்றம். திட்டிய வார்த்தைகளை எந்தச் சட்டம் திரும்பப் பெற வைக்கும்? எனக்கு இன்றும் ஆறவில்லை.

சீடன்: ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் அனுப்பிய படத்தில் கையில் காயத்தழும்பைப் பார்த்துத் தாய் பதறுகிறாள். அவளும் ஊகிக்கக் கூடாதா?

ஆசிரியர்: ஊகிக்கட்டும், பதறட்டும். பதறியதும் என்ன செய்கிறாள்?

சீடன்: போன் போட்டுக் கேட்பாள்.

ஆசிரியர்: அவளுடைய கருதல் மகளிடமே போய்க் கேள்வியாக நிற்கிறது. உன்னுடையது முப்பது பேருக்கு முன்னால் தீர்ப்பாக நின்றது. நாளைக்கு அந்தப் பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி அதை வாசிப்பான்.

சீடன் கைப்பேசியை எடுத்தான். தன் வரியை அழித்தான்.

சீடன்: சுவரில் இருக்கிற எண்ணை மறைத்துவிடச் சொல்லி எழுதட்டுமா?

ஆசிரியர்: அங்கே எழுதினால் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது போலாகும். அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்.

சீடன்: அவன் ஏன் கண் கலங்கினான் என்றும் கேட்டுவிடுகிறேன் ஐயா.

ஆசிரியர்: வேண்டாம். முதல் நாள் பள்ளி எப்படி இருந்தது என்று கேள்.